பிஸ்கட் டின்னுக்குள் மாடிவீடு

பழைய தபால்தலை வைத்திருப்பவர் எல்லாரும் பணக்காரர்தான், விலை கேட்கும் வரைக்கும். நிபோங் திபால் பக்கம் கலிடோனியா தோட்டத்தில் கணக்குப் பார்த்த தாத்தாவின் பிஸ்கட் டின் அலமாரி உச்சியிலிருந்து இறங்கும்போதே, பேரன் மனத்தில் பட்டர்வொர்த்தில் மாடிவீடு எழும்பிவிடும்.

மூடியைத் திறந்தால் ஐந்தாம் ஜார்ஜ் ஒரு பிடி, 1965 ஆர்க்கிட், 1971 வண்ணத்துப்பூச்சி. ஓரத்துப் பற்கள் இரண்டைக் காணோம். ராஜா மூக்கில் முத்திரை மை.

“நூறு வருசத்துப் பழசு, அண்ணே!”

பழசுக்குத்தான் விலை என்றால், 1840-இல் வந்த உலகின் முதல் தபால்தலை பென்னி பிளாக்கை யாரும் தொடவே முடியாது. அதையே ஏறத்தாழ 6.8 கோடி அடித்தார்கள். இன்றும் கடையில் கிடைக்கிறது.

“தபால்தலை விலைப் புத்தகத்தில் ஐம்பது வெள்ளி போட்டிருக்கே?” அது குறையில்லாத தலையைக் கடைக்காரர் விற்கும் விலை, தம்பி. உன்னிடம் வாங்கும் விலை இல்லை.

அடுத்து, ஜப்பானியர் ஆட்சியில் பழைய தபால்தலைமேல் அடித்த ‘டாய் நிப்பான் 2602’ மேலச்சு வெளியே வரும். 2602 என்பது ஜப்பானியக் கணக்கில் 1942. ஆனால் அந்த மேலச்சைப் போருக்குப் பிறகு கள்ளத்தனமாக அடித்தவர்களும் உண்டு.

உண்மையில் சேகரிப்பாளர் தேடுவது, சிற்றூர் முத்திரை தெளிவாக விழுந்த முழு உறையை. பேரனோ எல்லா உறையையும் வாளித் தண்ணீரில் ஊறவைத்து, தலையை உரித்து, உறையைக் குப்பையில் போட்டுவிட்டான். உங்கள் வீட்டு டின்னில் உறையோடு ஒன்றாவது மிஞ்சியிருந்தால், ஐயா, தயவுசெய்து நனைக்காதீர்கள்.