கோவை–சிங்கப்பூர்: வான்தொலைவும் வாசற்படிக் கணக்கும்

கோவையின் பீளமேடு விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே வான்தொலைவு ஏறத்தாழ 3,170 கிலோமீட்டர். நேரடி விமானத்துக்குச் சுமார் நாலரை மணி நேரம் ஆகும். இந்த எண்களில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பயணம் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் இரண்டு கட்சிகள். விமானக் கம்பெனி ஓடுபாதையில் என்கிறது. கொங்கு நாடு வாசற்படியில் என்கிறது. இரண்டாம் கட்சியின் கணக்குப்படி, கோபிசெட்டிபாளையத்தில் புறப்படும் ஒருவரின் பயணம் நான்கு பருவங்களாகப் பிரியும்.

1. எடைப் பருவம் (1 மணி). ஊத்துக்குளி நெய், பருப்புப் பொடி, செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் ஆகியவை பெட்டிக்குள் போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் எடை மெஷினில் ஏறுவார், பிறகு பெட்டியில்லாமல் ஏறுவார், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பார்கள். மிகுதியான இரண்டு கிலோவுக்குத் துணிமணி வெளியே வரும். நெய் வராது.

2. சாலைப் பருவம் (2 மணி). தொலைவு சுமார் 75 கிலோமீட்டர். சீட்டு ஒருவருக்கு, வேனில் ஒன்பது பேர். “சித்ராகிட்ட வந்துட்டமுங்க” என்று விமான நிலையத்துக்கு அருகிலுள்ள நிறுத்தத்தின் பெயரைப் போனில் சொன்னால், வண்டி அவினாசிக்கும் நீலாம்பூருக்கும் இடையே எங்கேயோ இருக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டும்.

3. காத்திருப்புப் பருவம் (3 மணி). சீட்டில்லாதவர் முனையத்துக்குள் போக முடியாது. ஆகவே எட்டுப் பேர் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே வரிசை நகர்வதைக் கண்காணிப்பார்கள். பெட்டி பெல்ட்டில் போனதும் அப்பாரு மட்டும், “நெய் போயிருச்சு, இனி போலாங்” என்பார்.

4. வானப் பருவம் (4½ மணி). வங்காள விரிகுடாவைக் கடக்கும் இப்பருவத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்பாலோர் தூங்கிவிடுகிறார்கள்.

இவற்றுக்குப் பின் கடிகாரச் சிக்கல் ஒன்று உண்டு. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. 1981 முடியும்வரை இரண்டு மணிதான் முந்தியிருந்தது; 1982 பிறந்தபோது சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவைத்தது. இதனால் கடிகாரப்படி போக ஏழு மணி, திரும்பி வர இரண்டே மணி. ஊருக்கு வரும் விமானம்தான் வேகமானது என்ற அம்மிச்சியின் கொள்கைக்கு அடிப்படை இதுவே. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பழைய நாலரைதான் வருகிறது என்பதை அவரிடம் நிறுவ முடிவதில்லை.

சாங்கியில் இறங்கி, வரிசைகளைத் தாண்டி, வீடு போய்ச் சேர ஒன்றரை மணியைச் சேர்த்தால் மொத்தம் 12 மணி. அதில் வானத்தில் கழிவது பாதிகூட இல்லை. எனவே விமானத்தை இன்னும் வேகமாக விடுவதால் கோபிக்காரருக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். எடை மெஷினை முதல் நாளே எடுத்தால் ஒரு மணி நேரம் முழுசாக மிச்சம்.