தோட்டத்து வீட்டுக்கு ஒரு துப்பாக்கி

நாமக்கல் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவருக்குக் கைத்துப்பாக்கி ஆசை. தேர்ந்தெடுப்பதில் குழப்பமே இல்லை: 9 மி.மீ. சாமானியருக்குத் தடை; கான்பூர் அரசு ஆலையின் .32 ரிவால்வர் இருக்கிறது. கோழிப்பண்ணைக்கு லோன் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடுதல் காகிதம், அவ்வளவுதான். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கேட்டு மனு, போலீஸ் விசாரணை, 2016 விதிகள் கேட்கும் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று. உயிருக்கு ஆபத்து இருப்பதையும் காட்ட வேண்டும். திருடனே முன்கூட்டி எழுதிக் கொடுத்தால் உத்தமம். அத்தனையும் கூடி வந்தாலும், தேர்தல் அறிவித்ததும் பெரும்பாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியதுதான். அது திரும்பக் கைக்கு வரும்வரை காவல், களத்துமேட்டு நாய். நாயை ஒப்படைக்கச் சொல்லி இன்னும் ஆணை வரவில்லை.