சங்கிலிச் சித்தப்பா

வன்னியில் வாகனம் புதையாத மாரி கிடையாது. புதைந்த வாகனத்துக்குப் பக்கத்தில் ஒரு சுவிஸ் சித்தப்பா நிற்காத மாரியும் இப்போது குறைவு. ஊர் ஒட்டுசுட்டானாக இருக்கலாம், துணுக்காயாக இருக்கலாம், அக்கராயனாகவும் இருக்கலாம். சித்தப்பா ஒரே சித்தப்பாதான். முழங்கால்வரை மடித்த ஜீன்ஸ், கையில் தூக்கிப் பிடித்த வெள்ளைச் சப்பாத்து, வாயில் சங்கிலிக் கதை.

கழுத்திலும் ஒன்று மொத்தமாகக் கிடக்கும். அதையல்ல நான் சொல்வது. பனிமலைப் பாதையில் வழுக்காமலிருக்க ரயரைச் சுற்றிப் பூட்டுகிற இரும்புச் சங்கிலி.

ஏ-9 காப்பற் றோட்டில் வரும்வரை அவர் நல்ல மனுஷன். மாங்குளத்தில் திரும்பி, எங்கோ ஒரு கிரவல் ஒழுங்கைக்குள் இறங்கி, ஹயஸ் வான் ஒரு பக்கம் சரிந்து சில்லு இருந்த இடத்திலேயே சுற்றத் தொடங்கியதும் அவருக்குள் அல்ப்ஸ் மலை எழும்பிவிடும்.

"தம்பி, எங்கட நாட்டில எண்டால்..."

எந்த நாடு என்று ஒருவரும் கேட்பதில்லை. இங்கே நின்றால் சுவிஸ், அங்கே நின்றால் வன்னி.

அங்கே நீல வட்டப் பலகையில் சங்கிலி சுற்றிய சில்லு வரைந்திருந்தால், சங்கிலி பூட்டாமல் ஓர் அடி அப்பால் போகக்கூடாது. பூட்டினால் 50 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் மிதிக்கக்கூடாது. பனிக்கால ரயர் ஒக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை என்பது வழக்கம். இதெல்லாம் உண்மைதான், மனுஷன் பொய் சொல்வதில்லை. பிறகு செய்முறை விளக்கம். முதலில் நிலத்தில் சிக்கில்லாமல் விரிக்க வேணும், உள்பக்கக் கொழுக்கியை முதலில் மாட்ட வேணும், பிறகு வெளிப்பக்கம், கொஞ்சத் தூரம் ஓட்டிப்போட்டு இறங்கி இன்னொருக்கால் இறுக்க வேணும். சங்கிலிக்குப் பதிலாக ஒரு துவாயை ரயரில் சுற்றியே காட்டுவார். துவாய் யாருடையது என்பது பிறகுதான் தெரியவரும்.

வானுக்குள் இருந்தபடி சித்தி யன்னலைத் திறப்பா.

"இவர் வேலைக்குப் போறது ட்ராமில. ரயர் மாத்திறது கராஜ்காரன். அந்தச் சங்கிலிப் பெட்டி பொலித்தீன் கூட உரிக்காமல் டிக்கியில கிடக்கு."

யன்னல் மூடும். சித்தப்பா காதில் விழாதவர்போல மற்றச் சில்லுக்கு நகர்வார்.

இதற்கிடையில் வான்காரப் பொடியன் நைலோன் கயிற்றோடு கீழே குந்தியிருப்பான். சில்லின் ஓட்டைகளுக்குள்ளால் கயிற்றை விட்டு, ரயரைச் சுற்றிச் சுற்றிக் கட்டுவான். "முன்சில்லுக்குக் கட்டு, முன்சில்லுக்கு!" என்று சித்தப்பா கத்துவார். சூரிச்சில் நிற்கும் அவருடைய கார் முன்சில்லில் இழுக்கிற கார். ஹயஸோ பின்சில்லில் தள்ளுகிற சாமான். "ஓமண்ணை" என்று சொல்லிக்கொண்டே பொடியன் பின்சில்லுக்குக் கட்டி முடிப்பான்.

என் வாக்கு கயிற்றுக்குத்தான். ரயர்ச் சங்கிலிக்கு 1904இல் அமெரிக்காவில் காப்புரிமை எடுத்த ஹரி வீட், சேற்றிலும் பனியிலும் அகப்பட்டவர்கள் ரயரில் கயிறு சுற்றியதைப் பார்த்துத்தான் அந்த யோசனைக்கே வந்தாராம். முறைப்படி பார்த்தால் பொடியனின் கயிறு சித்தப்பாவின் சங்கிலிக்கு மூத்தது. மேலும் இது, வயலில் சேறடிக்க ரயரைக் கழற்றிவிட்டு லாண்ட்மாஸ்டருக்கு இரும்புச் சில்லுப் பூட்டுகிற ஊர். சில்லுக்கும் சேற்றுக்கும் உள்ள வழக்கை இங்கே சின்னப் பிள்ளையும் தீர்த்துவைக்கும். 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்று, சனத்தைப் படகில் ஏற்றி இறக்கினார்கள். அன்று சித்தப்பா வந்திருந்தால் படகுக்கும் கொழுக்கி தேடியிருப்பார்.

ஆனாலும் மாரிக் களிமண் கயிற்றுக்கும் முழுதாக மசியாது. வண்டியின் வயிறு சேற்றில் படிந்துவிட்டால் சில்லில் எதைக் கட்டினாலும் குழிதான் ஆழமாகும். அப்போது ரக்ரருக்கு ஆள் அனுப்ப வேண்டியதுதான். வயலில் நின்ற ரக்ரர்காரர் அவசரப்படாமல் வருவார். நிலைமையை ஒருமுறை பார்ப்பார். பெட்டிக்குள் கைவிட்டு, கட்டி இழுக்கிற நீளச் சங்கிலியைக் கலகலவென்று வெளியே எடுப்பார்.

சித்தப்பாவின் முகம் மலர்ந்துவிடும்.

"பாத்தியளே! நான் அப்பவே சொன்னனான், சங்கிலி இல்லாமல் சரிவராதெண்டு!"

ஒருவரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ரக்ரர் கூலி இன்னும் கொடுபடவில்லை.