டைனமோத் தவில்: ஒரு கசெற் இலக்கணம்

தவில் கேட்போர் இருவகையினர்: கோயில் வீதியில் சாக்கு விரித்து இருந்து கேட்டவர், கசெற்றில் கேட்டவர். முன்னவருக்கு இலக்கணம் வேண்டாம். சமா முடிய எழும்பிச் சாக்கைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். சண்டை பிடிப்பவர் பின்னவரே, இந்நூலும் அவருக்கே.

காலப் பகுப்பிலிருந்து தொடங்குவது மரபு. யாழ்ப்பாணத்து இரசிகர் தவில் மேதை வி. தெட்சணாமூர்த்தி (1933-1975) இருந்த காலம், அவருக்குப் பிந்திய காலம் என்று ஒரு பெருங்கோடு இழுப்பர். கோட்டுக்கு முந்தியதில் அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கு வாசித்தது ஒரு கிளை, தமிழ்நாட்டு வித்துவான்களுக்கு வாசித்தது இன்னொரு கிளை. வன்னியில் இது செல்லாது. இங்கே காலம் என்பது ரேப் ரெக்கோடருக்குக் கரன்ட் எங்கிருந்து வந்தது என்பதே.

முதலாவது, டைனமோக் காலம். 1990இல் சண்டை மறுபடி மூண்டபின் மின்சாரம் போயிற்று. பற்றரி தடைப்பட்ட பொருளாயிற்று. சயிக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, டயோட் போட்டு நேரோட்டமாக்கினால் நாலு பற்றரி தரும் ஆறு வோல்ற் கிடைக்கும். பெடலைச் சுற்ற ஒரு பொடியன் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். 1995 இடப்பெயர்வில் கிளாலிக் கடல் தாண்டி மாமா கொண்டுவந்தவற்றில் முதன்மையானது ஒரு பிஸ்கற் ரின் நிறையக் கசெற்.

இங்கேதான் சாத்திரச் சிக்கல். கசெற் நாடா நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓடவேண்டும். கை வேகம் கூடினால் மோட்டர் ஓரளவு பிடித்துக்கொள்ளும், குறைந்தால் பிடிக்காது. நூற்றுக்கு ஆறு பங்கு குறைந்தால் சுருதி அரைக் கட்டை இறங்கும். இரண்டரைக் கட்டையில் தொடங்கும் தோடி ஆலாபனை, நான் தூங்கி விழ விழ இரண்டுக்கு வந்துவிடும். இராகம் மாறாது; வித்துவானுக்கு மட்டும் வயது போய்விடும். தனி ஆவர்த்தனத்தில் மாமா தொடையில் தட்டத் தொடங்குவார். நானும் விழித்து விறுவிறென்று சுற்றுவேன். ஆகவே எங்கள் ஒழுங்கையில் தெட்சணாமூர்த்தி விளம்பத்தில் அசாத்திய நிதானமும் துரிதத்தில் அசாத்தியப் பாய்ச்சலும் உள்ளவர் என்று பேர் எடுத்தார். அந்த நிதானத்தில் எத்தனை பங்கு அவருடையது, எத்தனை பங்கு என்னுடையது என்று இன்றுவரை நான் வாய் திறந்ததில்லை.

இரண்டாவது, பற்றரிக் காலம். 2002இல் ஏ9 பாதை திறக்க வந்தது. சுருக்கமாகச் சொன்னால், பற்றரி இறங்கும்வரை இசை, இறங்கியபின் வெயிலில் பற்றரி காயவைத்தல். மூன்றாவது, கரன்ட் காலம், 2009க்குப் பிந்தியது. அதே கசெற் முதன்முறை சரியான வேகத்தில் ஓடியபோது மாமா பாதியில் நிறுத்தச் சொன்னார். "இது அவற்றை அடி இல்லை. ஆரோ அவரை மாதிரி அடிச்சு வித்திருக்கிறாங்கள்."

வவுனியா நகரத்தார் இதில் சேரார். அவர்களுக்கு அந்த இடைக்காலத்திலும் கரன்ட் இருந்தது. ஒரே வேகத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால் வவுனியாப் பள்ளி துரிதமே பொற்காலம் என்னும். கிளிநொச்சிப் பள்ளி விளம்பமே என்னும். ஒரு கலியாண வீட்டில் இரு பள்ளியும் ஒரே பந்தியில் இருக்கப் பாயசம் ஆறிப்போனதைக் கண்டேன்.

இனி, ஒலிப்பதிவின் கருப்பொருள். மேடை மைக்கில் பிடித்தது, வேம்பில் கட்டிய ஒலிபெருக்கியின் கீழ் பிடித்தது, கச்சான்காரியின் பக்கத்தில் பிடித்தது எனப் பதிவு மூன்று. முதலாவதில் தவில் மட்டும் உண்டு. நாதஸ்வரம் பக்கத்து ஊரில் கேட்கும். இரண்டாவதில் தொலைந்த பிள்ளையின் காற்சட்டை நிறம் உண்டு. மூன்றாவதே சிறந்தது என்பது என் துணிபு. கச்சான் கோது உடையும் சத்தம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில்தான் வாசிப்பு ஏறியிருக்கிறது. சனம் சப்புவதை மறந்த இடம் அது. இதைவிட நேர்மையான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் வாசிக்கவில்லை.

பிரதியும் உறவுமுறையால் வகைப்படும்: ஸ்பூலில் பிடித்தது தகப்பன், அதிலிருந்து கசெற்றுக்கு எடுத்தது மகன், பிறகு பேரன், பூட்டன். தலைமுறைக்குத் தலைமுறை இரைச்சல் கூடும். பூட்டன் பிரதியில் மழை பெய்வதுபோல இருக்கும். எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் பூட்டன்களே. கைபேசிக் காலத்தில் எல்லாம் கிடைக்கிறது, இரைச்சலும் வடிகட்டப்படுகிறது. வடிகட்டியவர்கள் கச்சான் கோதையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். ஆதலால் அக்காலம் இந்நூலின் எல்லைக்குப் புறம்பு.

கடைசியாக ஒரு குறை. மாமாவின் ரின்னில் இருந்த தொண்ணூறு நிமிடக் கசெற் ஒன்றில், ஒருபக்கத்து 45 நிமிடமும் ஓடித் தனி உச்சத்துக்கு ஏறிக் கோர்வை தொடங்கும்போது நாடா முடிகிறது. மறுபக்கத்தில் யாரோ சின்னமணியின் வில்லிசையைப் பிடித்துவைத்திருக்கிறார்கள். முப்பது வருடமாக அந்தக் கோர்வை சமத்துக்கு வரவில்லை. அது மூன்றாம் வகைப் பதிவு; ஆலாபனை நடுவில் ஒரு பிள்ளை இரண்டுதரம் தும்மும். அந்த அடையாளத்தோடு ஒரு பிரதி உங்கள் பரணில் கிடந்தால் தயவுசெய்து தாருங்கள். பூட்டன் என்றாலும் பரவாயில்லை. சுற்றுவதற்கு நான் இருக்கிறேன்.