எல்லைக்கோட்டு மாமா: முதிர்ந்த தோளின் எறிதிறன் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

எல்லைக்கோட்டு மாமா என்பவர் நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர். கிரிக்கெட் அணியில் ஓர் ஆள் குறையும்போது மட்டும் நினைவுக்கு வருபவர். அந்தப் பக்கம் பந்து வராது என்ற நம்பிக்கையில் நிறுத்தப்படுபவர். காரங்காடு முதலான பாக் விரிகுடாக் கரையோர ஊர்களில் இவரை எந்தப் பருவத்திலும் காணலாம். எனினும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையேறி நிற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலமே ஆய்வாளருக்கு உகந்தது.

நிகழ்வு எப்போதும் ஒரே ஒழுங்கில் நடக்கிறது. நம்பிக்கை பொய்த்துப் பந்து அவரிடம் வரும். "மாமா, கீப்பர் எண்டு!" என்று நாலு குரல் எழும். அவர் எறிவார். பந்து பாதி வழியில் தரையிறங்கி, மீதித் தூரத்தை உருண்டு கடக்கும். அவர் வலத் தோளைப் பிடித்துக்கொண்டு, பந்து ஈரமாக இருப்பதாக அறிவிப்பார்.

2. வரலாற்றுப் பின்னணி

எறிதல் மனித இனத்தின் பழைய சொத்து. தோளில் ஆற்றலைத் தேக்கிவைத்துச் சட்டென விடுவிக்கும் உடலமைப்பு சுமார் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஹோமோ எரெக்டஸ் காலத்தில் ஒன்றுசேர்ந்ததாக நீல் ரோச் குழுவினர் 2013இல் 'நேச்சர்' இதழில் எழுதினர். உடல் வலுவில் மனிதனை மிஞ்சும் சிம்பன்சி, எறியும்போது மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தையே எட்டுகிறது. ஆகவே மாமாவைக் குரங்கோடு ஒப்பிடும் இளைஞர் கூற்றை அளந்து பார்க்காமல் ஏற்பதற்கில்லை.

இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளுக்கு இத்துறையில் தனிப் பெருமை உண்டு. அது வளரி என்னும் எறிகருவி. ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்று ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். தேர்ந்த கையில் அது 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்பது அவர் தரும் அளவு. அதாவது 300 அடி. தங்கள் இளமைக்கால எறி பற்றி இன்றைய மாமாக்கள் டீக்கடையில் தரும் வாய்மொழித் தரவுகளும் ஏறக்குறைய இதே அளவைக் காட்டுகின்றன. இந்த ஒற்றுமை மேலாய்வுக்குரியது.

3. தேய்மானம்

உடலிலேயே அதிகமாகச் சுழலக்கூடிய மூட்டு தோள். அந்தச் சுதந்திரத்துக்கு விலை, உறுதிக் குறைவு. ஆழமில்லாத குழியில் அமர்ந்திருக்கும் மேற்கை எலும்பின் தலையை நான்கு சிறு தசைகளே சுற்றிலும் பிடித்து நிறுத்துகின்றன. தேர்ந்த பேஸ்பால் வீரர் எறியும்போது கை விநாடிக்கு 7,000 பாகை அளவு வேகத்தில் உட்புறம் சுழல்கிறது. அந்த வேகத்தைக் கொடுப்பவை மார்பிலும் முதுகிலும் உள்ள பெரிய தசைகள். பந்து விடுபட்ட பின் கையைப் பிடித்து நிறுத்தும் பொறுப்போ பெரும்பாலும் அந்தச் சிறியவற்றின் தலையில் விழுகிறது.

முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைவதாகக் கணக்கிடுகிறார்கள். அதிலும் வேகத்துக்கான இழைகளே முதலில் மெலிகின்றன. "டென்னிஸ் பந்துதானே" என்ற ஆறுதலும் செல்லாது. டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. பந்து இலேசானால் கை இன்னும் வேகமாகச் சுழலும். பந்து எடுத்துச்செல்லும் ஆற்றலும் குறையும். மிச்சத்தைத் தோள்தான் தாங்க வேண்டும்.

இவற்றோடு இன்னொரு காரணியும் உண்டு. மனம் எறிய எண்ணும் தூரத்தை நினைவுத் தூரம் என்றும், பந்து உண்மையில் போகும் தூரத்தைக் கைத் தூரம் என்றும் கொள்க. கைத் தூரம் ஆண்டுதோறும் குறைகிறது. நினைவுத் தூரம் குறைவதில்லை, சிலரிடம் கூடவும் செய்கிறது. சுளுக்கு பிறப்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில். இடைவெளியைக் குறைக்க இரு வழிகள் உள்ளன. நினைவுத் தூரத்தைக் குறைக்கும் முயற்சி எந்த ஊரிலும் வென்றதில்லையாதலால், மற்றதை மட்டும் காண்போம்.

4. வழக்கிலுள்ள சிகிச்சைகள்

இவை மூன்று. முதலாவது, கோடாரித் தைலம். எரிச்சல் மேலே இருக்கும்வரை உள்வலி தெரியாது. இரண்டாவது, கையைக் காற்றாடிபோல் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்பது. மூன்றாவது, முதல் எறியையே முழு வேகத்தில் எறிந்து கையைச் சூடேற்றுவது. மூன்றாவதை மேற்கொண்டவர்கள் முதலாவதற்குத் திரும்புவதே வழக்கம்.

5. மீட்புமுறை

கையை மீட்பது காலில் தொடங்குகிறது. இதற்கான பாடம் அலையாத்திக் காட்டு ஓடைகளில் வீச்சு வலை வீசும் முதியவரிடம் கிடைக்கிறது. வலையில் ஒரு பங்கை முழங்கையில் தொங்கவிட்டு, ஈயக்குண்டு கோத்த விளிம்பைப் பிரித்துப் பிடித்து, கால்களை மணலில் ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குத் திருப்பி, ஒரே சுழற்சியில் விடுகிறார். வலை வட்டமாக விரிந்து நீரில் விழுகிறது. அவர் கை தோளுக்கு மேலே போகவே இல்லை. அறுபதைத் தாண்டியும் அவர் வீசுவது இடுப்பின் தயவால். அவரைவிட இளையவரான மாமா எறிவதோ தோளின் தயவால்.

எனவே முதல் வாரங்களில் பந்தைத் தொட வேண்டியதில்லை. நடை, உட்கார்ந்து எழுதல், இடுப்பையும் முதுகையும் இருபுறமும் திருப்புதல் போதும். அடுத்து, பழைய சைக்கிள் ட்யூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்புறம் இழுத்து மெதுவாக விடுதல். இதில் பலன் இருப்பது இழுப்பதைவிட விடுவதில். தசை சில வாரங்களில் தேறும். தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். தசை தேறிய உற்சாகத்தில் நாணை அறுத்துக்கொள்வது இந்த வயதுக்கே உரிய அவசரம்.

அதன் பிறகே எறிதல். வழக்கமான படிமுறைப் பயிற்சி 45 அடியில் தொடங்கி 60, 90, 120 என ஏறுகிறது. 25 எறி, சற்று ஓய்வு, மறுபடி 25 எறி. மறுநாள் கைக்கு விடுமுறை. வலித்தால் அடுத்த படி கிடையாது. ஆட்டத்தில், ஒரு பிச் விழுந்து கீப்பரிடம் சேரும் எறி இழுக்கன்று.

கரையோர மைதானங்களுக்கு ஒரு தனி விதி தேவை. அலையாத்திக் கரையில் சேற்றுக்கு மேலே மூச்சுவேர்கள் குச்சி குச்சியாக நிமிர்ந்து நிற்கும். அங்கே விழுந்த பந்தை எடுப்பவரின் கால் கணுக்கால்வரை புதைகிறது. கால் திரும்பாது, ஆகவே இடுப்பும் திரும்பாது, சுமை முழுவதும் தோளில் இறங்கும். அங்கிருந்தே எறியாமல் கெட்டித் தரைக்கு நடந்து வந்து எறிவதே முறை. இடையில் போகும் இரண்டு ரன்களை மருத்துவச் செலவில் மிச்சமாக வரவு வைக்கலாம்.

6. விலக்குகள்

மறுநாள் தசையில் தோன்றும் பொதுவான அசதி, பயிற்சியின் கூலி. அந்தப் பக்கமாகப் படுக்க முடியாத இரவு வலி, கையைத் தூக்க முடியாமை, திடீரென வலுவிழத்தல் ஆகியவை அப்படியல்ல; மருத்துவரைப் பார்க்க வேண்டியவை. மூட்டு இறுகிப்போகும் உறைந்த தோள் நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்களையே பெரும்பாலும் பிடிக்கிறது; சர்க்கரை உள்ளவர்களை இன்னும் அதிகமாக. இவர்களுக்கு எறிதல் கூடாது. நடுவராக நிற்கலாம் என்ற யோசனையும் ஆராயப்பட்டது. சிக்ஸர் காட்ட இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருப்பதால் கைவிடப்பட்டது. ஸ்கோர் எழுதலாம். அதற்கு மணிக்கட்டு போதும்.