வளைவு வாத்தியார்

அவருடைய புல்லட்டில் பின்னால் ஏறுவதற்கு முன்பே வகுப்பு ஆரம்பித்துவிடும். "நான் சாயும்போது நீங்களும் கூடவே சாயணும் தம்பி. எதிர்ப்பக்கம் சாஞ்சீங்கன்னா வண்டி குழம்பிடும். பதறவே கூடாது." போகப்போவது தெற்கு மாட வீதியிலிருந்து மந்தைவெளிக்கு. நடந்தே போய்விடலாம்.

கிளம்புவதற்குள் சோழவரம் வந்துவிடும். யுத்தகால விமான ஓடுதளத்தில் அந்த நாளில் நடந்த பந்தயங்களை வெயிலில் நின்று பார்த்தவராம். அப்புறம் இருங்காட்டுக்கோட்டை, அதன் 12 வளைவுகள். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயரை வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதை இவர் தமிழ் இலக்கிய வரலாறாகவே நடத்துவார். "கம்பர்ல ரெண்டாவது கியர் போதும். ஔவையார்கிட்ட அவசரப்பட்டோம், தொலைஞ்சோம்." கொல்லிமலையின் 70 வளைவுகளை எடுத்துவிட்டாரென்றால் இன்னொரு காபி சொல்லிவிடுவது நல்லது.

எரிச்சல் என்னவென்றால், மனிதர் சொல்வது அத்தனையும் சரி. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த பிறகு பிரேக்கை அழுத்தினால், திரும்புவதற்கு டயர் வைத்திருக்கும் பிடியை பிரேக் பிடுங்கிக்கொள்ளும். ஓடுகிற வண்டியை இடப்பக்கம் திருப்ப இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ள வேண்டும். கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆனால் வண்டி இடப்பக்கம்தான் சாயும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு போனால் பள்ளத்தில்தான் இறங்குவோம்; போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசிப் பாடம்தான் அவருக்கு உயிர். "கண்ணு எங்கேயோ, வண்டி அங்கே." இதைச் சொல்வதற்காக, ஓடுகிற வண்டியில், ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, கழுத்தை முழுசாகத் திருப்பி, நம் முகத்தைப் பார்ப்பார்.

பார்த்தால் சும்மா இருக்க மாட்டார். "புரியுதா?" என்பார். பதில் வருகிற வரை முகம் முன்பக்கம் திரும்பாது. எதிரே மாநகரப் பேருந்து நகர ஆரம்பித்திருக்கும். தள்ளுவண்டிக்காரர் பூசணிக்காயை எடை போடுவதைப் பாதியில் நிறுத்தியிருப்பார். "புரியுது சார், முன்னாடி பாருங்க!" என்று நாம் அலறினால், பாடத்தைச் சரியாக ஒப்பித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே பூரிப்பு. "அதேதான் தம்பி! முன்னாடி பார்க்கணும்!" அதையும் பின்னால் பார்த்துக்கொண்டேதான் சொல்வார்.

சந்தேகம் கேட்டால் இன்னும் மோசம். பனகல் பார்க்கைச் சுற்றும்போது ஒரு அப்பாவி, கைப்பிடியைத் தள்ளுகிற சமாச்சாரத்தை விளக்கச் சொல்லியிருக்கிறார். இடது கையை எடுத்துப் பின்னால் கொண்டுவந்து, கேட்டவரின் முழங்காலைப் பிடித்து, "இதுதான் கைப்பிடின்னு வெச்சுக்குங்க" என்று தள்ளிக் காட்டினாராம். அந்த அப்பாவி இப்போது தி.நகருக்குப் பேருந்தில் போகிறார். வாத்தியாரின் மனைவி வண்டியில் வாயே திறப்பதில்லை. மத்திய கைலாஷ் திருப்பம் வரை வாயைத் திறக்காமல் வந்து, இறங்கிய பிறகுதான் மளிகைச் சாமான் பட்டியலையே சொல்வார்.

மாட வீதி முனைகளில் உண்மையிலேயே நிதானமாகத் திரும்புவது பங்குனித் தேர் ஒன்றுதான். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. வடம் பிடிப்பவர்களைப் பார்த்து "புரியுதா?" என்று கேட்பதும் இல்லை.

ஆனால் மழை பெய்தால் இவர் வேறு ஆள். லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தடுப்பு வைத்துப் பாதையை அப்படியும் இப்படியும் வளைத்திருக்கிறார்களே, அங்கே ஒரு சாயங்காலம் அவர் பின்னால் வந்தேன். சேறு, நடுவில் பளபளவென்று நனைந்த இரும்புத் தகடு. மனிதர் பேச்சை நிறுத்தினார். தகடு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்தார். தகட்டின் மேல் வண்டி துளியும் சாயவில்லை. பிரேக்கில் விரல் படவில்லை. ஆக்சிலேட்டர் சத்தம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தாண்டிய பிறகுதான் மெதுவாகத் திருப்பினார். பக்கத்தில் ஸ்கூட்டர்க்காரர் ஒருவர் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காகச் சோழவரத்தை இன்னொரு தடவை கேட்கலாம் என்றுகூடத் தோன்றியது.

அடுத்த திருப்பத்தில் அந்த எண்ணம் போய்விட்டது. காரணம், இவர் இண்டிகேட்டர் போட மாட்டார். ஒரு நாளும் போட்டதில்லை. கேட்டால், "நான் சாயறதைப் பார்த்தாலே தெரியாதா?" என்கிறார். தெரியாது சார். பின்னால் பள்ளிக்கூடப் பையனை முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் வருகிற அம்மாவுக்கு உங்கள் சாய்வைப் படிக்கத் தெரியாது. ஷேர் ஆட்டோக்காரருக்குத் தெரிந்தாலும் அவர் கவலைப்பட மாட்டார். வளைவில் நீங்கள் பதறுவதில்லை, சரி. உங்களால் பின்னால் வருகிற தெருவே பதறுகிறது.

இடது கட்டைவிரலுக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. திரும்புவதற்கு முன்னால் அதைத் தள்ளுங்கள், திரும்பி முடித்ததும் அணையுங்கள். அதைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுப்பதாக இருந்தால் தாராளமாக எடுங்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு எடுங்கள் சார்.