மூணு மூச்சு ரீல்

(சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். கடைகளின் இன்ஸ்டாகிராம் பக்கங்களை நடத்தித் தரும் விளம்பர நிறுவனம். இளைஞர்களுக்கு மன அழுத்தம் என்று உள் சர்வே சொல்லிவிட்டதால், எச்.ஆர். ஒரு யோகா டீச்சரை வரவழைத்திருக்கிறார். அந்த சர்வேயை நிரப்பச் சொல்லி இரவு பதினோரு மணிக்கு நினைவூட்டல் போனதை எந்த சர்வேயும் கேட்கவில்லை.)

எச்.ஆர்.: வாங்க மேடம். ஜூன் 21 யோகா தினம் வருதுல்ல? நம்ம பசங்களுக்கு 20 நிமிஷம் ஒரு செஷன் எடுக்கணும். லஞ்ச் டைம்ல.

டீச்சர்: சாப்பிட்ட உடனேயா?

எச்.ஆர்.: சாப்பாட்டுக்குப் பதிலா. மொத்தம் 80 பேர், ஒரே லிங்க்.

டீச்சர்: யோகா குரு கிருஷ்ணமாச்சாரியார் மைசூர் அரண்மனையில சொல்லிக்கொடுத்தவர். அப்புறம் இதே சென்னையில நூறு வயசு வரைக்கும் இருந்தார். ஆளோட வயசு, உடம்பு, தொழில் எல்லாம் பார்த்துத்தான் ஆசனத்தையே முடிவு பண்ணுவார். 80 முதுகுக்கு ஒரே லிங்க்கா சார்?

எச்.ஆர்.: 2015ல டில்லி ராஜபாதையில 35,985 பேர் ஒண்ணாச் செஞ்சு கின்னஸே வாங்கினாங்களே!

டீச்சர்: வாங்கினாங்க. அன்னைக்கு ராத்திரி எத்தனை பேர் நல்லாத் தூங்கினாங்கன்னு கின்னஸ்காரங்க எண்ணல. சரி, உங்க பசங்களுக்கு என்ன தொந்தரவு?

எச்.ஆர்.: ஒண்ணுமில்ல மேடம், சென்சிட்டிவ் ஜெனரேஷன். இந்தப் பொண்ணையே எடுத்துக்கங்க, 23 வயசு. ஒரு நகைக்கடை, ஒரு பல்பொடி, ஒரு பிரியாணிக் கடை, மூணு அக்கவுண்ட் பார்க்குது. ராத்திரி ஒரு மணிக்கு ஒருத்தர் ‘பீஸ் சின்னதா இருக்கு’ன்னு கமெண்ட் போட்டார். அஞ்சு நிமிஷத்துல, பிரியாணிக் கடையாவே மாறி, உருக்கமா மன்னிப்புக் கேட்கணும். அவ்வளவுதான் வேலை.

டீச்சர்: கேட்டுச்சா?

எச்.ஆர்.: கேட்டுச்சு. அப்புறம் தூக்கம் வரலன்னு தன்னோட அக்கவுண்டைத் திறந்திருக்கு. கூடப் படிச்சவங்க எல்லாம் பாலித்தீவுல நிக்கிறாங்களாம். விடியக்காலை நாலு வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்துட்டு, காலையில அழுகை. போனை மூடினாத் தீர்ந்துச்சு. செல்ஃப் கன்ட்ரோல் இல்ல!

டீச்சர்: மூடினா நீங்க விட்டுடுவீங்களா?

எச்.ஆர்.: (தண்ணீர் குடிக்கிறார்.) அதுக்குத்தானே மேடம் யோகா. உடனே அமைதியாகுற மாதிரி ஏதாவது?

டீச்சர்: மூச்சை மெதுவாக்கலாம். சாதாரணமா நிமிஷத்துக்கு 12லேர்ந்து 20 தடவை மூச்சு விடுறோம். அதை ஆறாக் குறைச்சு, உள்ள இழுக்கிறதைவிட வெளிய விடுறதை நீட்டினா, வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு நிதானமாகும். நிஜமாவே பலன் இருக்கு. தினமும் பண்ணணும்.

எச்.ஆர்.: நிமிஷத்துக்கு ஆறா? ரீல் 30 செகண்டுதான் மேடம். மூணு மூச்சுதான் தேறும்.

டீச்சர்: எந்த ரீல்?

எச்.ஆர்.: செஷனை ஷூட் பண்ணி நம்ம பேஜ்ல போடணும்ல? ‘ஊழியர் நலன்’னு. எடிட்டிங்கும் அந்தப் பொண்ணுதான். அன்னைக்கு ராத்திரியே முடிச்சிடும்.

(டீச்சர் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். நீளமான மூச்சு. ரீலில் பாதியை அதுவே தின்றிருக்கும்.)

டீச்சர்: பதஞ்சலி எட்டுப் படி வச்சிருக்கார். ஆசனம் மூணாவது, பிராணாயாமம் நாலாவது. அலையுற புலன்களை உள்ள திருப்புற பிரத்தியாகாரம் அஞ்சாவது. இவங்களுக்கு வேண்டியது அதுதான்.

எச்.ஆர்.: அப்போ நேரா அஞ்சாவதுக்குப் போயிடலாம். முதல் ரெண்டு எதுக்கு?

டீச்சர்: முதல் படி இயமம். அதுல அஸ்தேயம்னு ஒண்ணு உண்டு. அடுத்தவங்க பொருளைத் திருடக் கூடாது.

எச்.ஆர்.: இங்க மூலைக்கு மூலை கேமரா. ஒரு பேனா காணாமப் போகாது மேடம்.

டீச்சர்: ராத்திரித் தூக்கம் போகுதே?

எச்.ஆர்.: (சிரிக்க முயல்கிறார்.) சவாசனம் கடைசியில வச்சுடுங்க. எல்லாருக்கும் பிடிக்கும். போன் மட்டும் கையில இருக்கட்டும். கிளையன்ட் கூப்பிட்டா ஒரு கையால பதில் போட்டுடுவாங்க.

டீச்சர்: பிணத்துக்குக்கூட லீவு கிடையாதா? சரி, ஒரே ஒரு நிபந்தனை. ராத்திரி பத்துலேர்ந்து காலை ஏழு வரைக்கும் யாருக்கும் மெசேஜ் போகக் கூடாது. எழுதிக் கொடுங்க, வருஷம் முழுக்க வந்து சொல்லித்தர்றேன். ஃபீஸே வேண்டாம்.

எச்.ஆர்.: ஐயோ, ஃபீஸுக்கெல்லாம் பட்ஜெட் இருக்கு மேடம்! காசு எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க. ராத்திரியை மட்டும் கேட்காதீங்க. அது எங்களோடது இல்ல, கிளையன்ட்டுக்கு வித்தாச்சு.